பாறையேற்றக் கயிற்றின் நுனிக்கு எது காவல்: டேப், ஸ்லீவ், ரப்பர் பூச்சு, மெழுகு நூல்

பாறையேற்றக் கயிறு வாங்குகிறவர்கள் தடிமனையும் நீளத்தையும் எடையையும் அலசி ஆராய்ந்து வாங்குகிறார்கள். நுனி எப்படி முடிக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்து வாங்குகிறவர்களை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். இத்தனைக்கும், கயிற்றில் வேறெந்தப் பகுதியும் நுனி அளவுக்குக் கைபடுவதும் அடிபடுவதும் இல்லை. ஒவ்வொருவர் ஏறும்போதும், இடுப்பிலும் தொடையிலும் அணியும் பட்டையான ஹார்னஸில் எட்டு முடிச்சு போட அந்த நுனியைத்தான் நுழைத்து இழுக்கிறோம். பாறையடியில் மண்ணிலும் சரளையிலும் கிடப்பதும், உச்சியில் பாறையோடு பொருத்திய ஆங்கர் வளையத்திலிருந்து கயிற்றை உருவும்போது பாறையில் மோதி மோதிக் கீழே வந்து விழுவதும் அதுதான். நுனி பிரிந்து பிசிறடித்துவிட்டால் முடிச்சைத் திருப்பி நுழைப்பது தொல்லையாகிவிடும்; ஏறுபவரைக் காப்பவர் கயிற்றை விடவும் பிடிக்கவும் பயன்படுத்தும் பிலே கருவியின் துளைக்குள் கயிறு எளிதில் போகாது; உருவும்போது பிரிந்த இழைகள் வளையத்திலோ பாறை இடுக்கிலோ சிக்கிக்கொண்டால் மீண்டும் மேலே ஏறிப்போக வேண்டிய நிலையும் வரலாம்.

நைலான் ஒற்றைக் கயிறுகளில், பெரும்பாலும் கர்நாடகத்தில் பாதாமியின் செம்மணற்கல்லிலும் ராமநகரத்தின் கருங்கல்லிலும், நான் பயன்படுத்திப் பார்த்த நுனிக் காப்பு முறைகளை இங்கே மதிப்பிடுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: சூட்டுக் கத்தியால் ஒழுங்காக வெட்டி உருக்கிய நுனியில், மெழுகு நூலால் ஊடுருவித் தைத்துச் சுற்றிய கட்டுக்கு ஈடாக வேறு எதுவும் இல்லை. மற்றவை ஒன்று தற்காலிகமானவை, அல்லது பார்வைக்கு மட்டும் நன்றாக இருப்பவை.

காரணம் கயிற்றின் அமைப்பிலேயே இருக்கிறது. இன்று நாம் ஏறும் கயிறுகள் எல்லாம் 1953-ல் ஜெர்மனியின் எடெல்ரிட் நிறுவனம் உருவாக்கிய கெர்ன்மான்டல் அமைப்பைப் பின்பற்றுபவை. நடுவில் முறுக்கிய உள்ளிழைக் கற்றைகள். அவற்றைச் சுற்றிப் பின்னிய மேலுறை. சுமையின் பெரும்பங்கை உள்ளிழைகள் தாங்குகின்றன. உராய்வை மேலுறை ஏற்கிறது. பெரும்பாலான கயிறுகளில் இவை இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டப்பட்டிருப்பதில்லை. பின்னலின் இறுக்கம் மட்டுமே அவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறது. ஆகவே கயிறு பிலே கருவி வழியாக ஒரே திசையில் திரும்பத் திரும்ப ஓடும்போது மேலுறை சிறிது சிறிதாக நகர்ந்து நுனியை நோக்கி வருகிறது. ஐரோப்பியத் தரவிதியான ஈஎன் 892, ஏறத்தாழ 2 மீட்டர் நீளமுள்ள கயிற்றுத் துண்டைச் சோதனைக் கருவியில் இழுத்துப் பார்க்கும்போது மேலுறை 20 மி.மீ.க்கு மேல் நகரக் கூடாது என்று வரம்பு வைத்திருப்பது இதனால்தான். நகர்வு சிறிதளவு இருக்கவே செய்யும் என்பதைத் தரவிதியே ஒப்புக்கொள்கிறது.

எனவே நுனிக் காப்பு எதுவாயினும் அதனிடம் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: அது மேலுறையையும் உள்ளிழைகளையும் சேர்த்துப் பிடிக்கிறதா, அல்லது மேலுறையை மட்டும் வெளியிலிருந்து போர்த்துகிறதா?

இதைக் கையாலேயே சோதித்துப் பார்க்கலாம். நுனியிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கயிற்றை இடக்கையால் இறுகப் பற்றிக்கொண்டு, வலக்கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நுனி நோக்கி அழுத்தி உருவ வேண்டும். நல்ல நுனி கடைசி வரை உருண்டையாக, திண்மையாக இருக்கும். உறை நகர்ந்துவிட்ட கயிற்றில் கடைசிப் பகுதி மட்டும் சட்டென்று தட்டையாக மடங்கும். உள்ளே எதுவும் இல்லாத வெற்றுறையை விரல்கள் உடனே உணர்ந்துவிடும். அப்படி இருந்தால் அதன்மேல் எதைச் சுற்றினாலும் பயன் இல்லை. உள்ளிழை நிறைந்த இடம் வரை வெட்டிவிட்டுத்தான் அடுத்த வேலையைத் தொடங்க வேண்டும்.

தொழிற்சாலையிலேயே முடித்து வரும் நுனிகளை முதலில் பார்ப்போம். பல நிறுவனங்கள் சூட்டில் வெட்டி உருக்கி, அதன்மேல் அச்சிட்ட பட்டை ஒன்றைச் சுற்றி அனுப்புகின்றன. இந்தப் பட்டையை அலட்சியமாக நினைக்கக் கூடாது. வட்டத்துக்குள் 1 என்றிருந்தால் தனியாகவே பயன்படும் ஒற்றைக் கயிறு, ½ என்றிருந்தால் இரண்டை மாற்றி மாற்றி மாட்டும் அரைக் கயிறு, பின்னிக்கிடக்கும் இரண்டு வளையங்கள் இருந்தால் இரண்டையும் சேர்த்தே மாட்டும் இரட்டைக் கயிறு என்று கயிற்றின் வகையைச் சொல்வது அதுவே. பெட்செல் நிறுவனம் அல்ட்ராசோனிக் ஃபினிஷ் என்ற பெயரில் மீயொலி அதிர்வால் நுனியை வெட்டி, உள்ளிழைகளையும் உறையையும் அங்கே ஒன்றாகப் பிணைத்து விற்கிறது. என் கேள்விக்கு நேரடியாக விடை தரும் முறை இது. நுனி தடிக்காமல், விளிம்பு கூராகாமல், கயிற்றின் சொந்தத் தடிமனிலேயே முடிகிறது. பியால் நிறுவனத்தின் யூனிகோர் வகை இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதில் கயிற்றின் முழு நீளத்துக்கும் உறை உள்ளிழையோடு பிணைக்கப்பட்டிருப்பதால் உறை நகர்வு என்ற சிக்கலே ஏறக்குறைய எழுவதில்லை. பாறை விளிம்பில் உறை அறுபட்டாலும் அது உள்ளிழையின்மேல் வழுக்கிக்கொண்டு போகாது. புதுக் கயிறு வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் இந்த இரண்டு அம்சங்களையும் விலையோடு சேர்த்து எடைபோட வேண்டும் என்று அழுத்தமாகச் சொல்வேன். ஆனால் எந்தக் கயிற்றுக்கும் ஒரு நாள் நுனியை வெட்டும் வேளை வரும். விழுகையின் அழுத்தத்தையும் முடிச்சின் நெருக்கத்தையும் அதிகம் சுமப்பது நுனியை ஒட்டிய சில மீட்டர்கள்தான் என்பதால், அந்தப் பகுதி தளர்ந்து மெத்தென்று ஆனதும் அதை வெட்டி நீக்குவது வழக்கம். அதோடு தொழிற்சாலை முடிப்பும் போய்விடும். அதற்குப் பிறகு நம் கைவேலைதான்.

வெட்டுவதற்குச் சூட்டுக் கத்தி, அதாவது மின்சாரத்தில் சூடாகும் கயிறு வெட்டும் கருவி, சிறந்தது. பாய்மரப் படகுப் பொருள்களும் கூடாரத் துணியும் விற்கும் கடைகளில் நல்ல கருவிகள் கிடைக்கின்றன. அகன்ற தகடு பொருத்திய சால்டரிங் அயனும் மெதுவாக இந்த வேலையைச் செய்துவிடும். கயிறுகளில் பயன்படும் நைலான் 6 ஏறத்தாழ 220 டிகிரி செல்சியஸில் உருகுகிறது. தகடு அதைவிடப் போதிய அளவு சூடாக இருக்க வேண்டும். ஆனால் செக்கச்சிவக்கப் பழுத்திருக்கக் கூடாது. அளவான சூட்டில் கத்தி இறங்கும்போது நைலான் தேன் நிறத்தில் உருகி வழியும். புகை குறைவாக இருக்கும். சூடு மிஞ்சினால் நைலான் உருகாமல் கருகும். கருகிய விளிம்பு ஆறியதும் கண்ணாடித் துண்டு போல நொறுங்கும். வெட்டும் இடத்தில் முதலில் இன்சுலேஷன் டேப்பை இரண்டு மூன்று சுற்று இறுக்கமாகச் சுற்றிக்கொண்டு, டேப்பின் நடுவிலேயே கத்தியை இறக்கினால் இரண்டு பக்க நுனிகளும் பிரியாமல் நிற்கும். வெட்டுவதற்கு முன் உறையை நுனி நோக்கி லேசாகத் தள்ளிக்கொள்வது நல்லது. உருகும் உறை உள்ளிழைகளின் முகத்தின்மேல் படிந்து இரண்டும் ஒரே தட்டாக இறுகும். வழிந்த நைலானை ஈரக் கரண்டியின் முதுகால் தடவி உருட்டிவிட வேண்டும். விரலால் தொடவே கூடாது. உருகிய நைலான் தோலில் ஒட்டிக்கொண்டு தீக்காயத்தை ஆழமாக்கும். புகை நஞ்சுடையது என்பதால் இதைத் திறந்த வெளியில் செய்வதே முறை.

லைட்டர் சுடரில் காட்டி உருக்குவதைப் பலர் செய்கிறார்கள். பாறையடியில் வேறு வழியில்லாதபோது அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சுடர் வெளிப்புற உறையை முதலில் எரிக்கிறது. நடுவிலுள்ள உள்ளிழைகளுக்குச் சூடு போய்ச் சேருவதற்குள் விளிம்பு கறுத்துக் காளான் குடை போல விரிந்துவிடுகிறது. அந்தக் குடையின் ஓரம் கையைக் கீறும், வளையத்தில் மாட்டும், பாறையில் பட்டுப் பிளந்தால் அதன் அடியிலிருந்து பிசிறு மறுபடி கிளம்பும். சூட்டுக் கத்தியால் உருக்கிய தட்டும் மணற்கல்லில் என்றென்றைக்கும் தாங்குவதில்லை. பாதாமியின் செம்மணல் துகள்கள் நுண்ணியவை, கடினமானவை. நுனி அவற்றில் உரசி உரசி உருக்கிய தட்டின் ஓரத்தில் மயிரிழை விரிசல் விழும். அங்கிருந்துதான் பிரிவு தொடங்கும். ஆகவே உருக்குவது அடித்தளம் மட்டுமே. அதற்குப் பின்னால் ஒரு பிடி தேவை.

அந்தப் பிடிக்கு இன்சுலேஷன் டேப்பைத்தான் பெரும்பாலோர் நாடுகிறார்கள். வெட்டும்போது கயிற்றைப் பிடித்து வைக்க அது அருமையான பொருள்; நுனிக் காப்பாக அது தகுதியற்றது. நண்பகல் வெயிலில் பாறையடியில் கிடக்கும் கயிற்றில் டேப்பின் பசை இளகி ஓரங்களில் கசியும். கசிந்த பசையில் செம்மண் அப்பிக்கொள்ளும். டேப் சற்றே வழுக்கி நகரும். பிறகு ஒரு முனை கிளம்பி, முடிச்சு போடும்போது கயிற்றோடு கயிறாக மாட்டிக்கொள்ளும். உரித்தெடுத்தால் உறையில் பசை தங்கிவிடும். ஏறுவோர் விரல்களில் சுற்றும் துணி டேப் இதைவிட நன்றாகப் பிடிக்கிறது என்றாலும் விரைவில் தேய்ந்துபோகிறது.

சூடுபட்டால் சுருங்கி இறுகும் குழாயான ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் இன்னும் கவனமான மதிப்பீட்டுக்கு உரியது. மின்கம்பி இணைப்புகளுக்காக உருவான இந்தப் பொருள் சென்னை ரிச்சி தெரு போன்ற மின்னணுக் கடைத்தெருக்களில் எல்லா அளவிலும் கிடைக்கிறது. விலையும் மிகக் குறைவு. வாங்கும்போது இரண்டு விஷயங்களைக் கேட்டு வாங்க வேண்டும். சுருங்கும் விகிதம் 3-க்கு 1 என்று இருக்க வேண்டும். உட்புறம் பசை பூசியதாக இருக்க வேண்டும். பசை இல்லாத 2-க்கு 1 வகை கயிற்றின் வழவழப்பான உறையில் நிற்பதில்லை. இழுத்தால் காலுறை கழற்றுவது போலக் கழன்று வரும். 10 மி.மீ. கயிற்றுக்கு 12 மி.மீ. உள்விட்டமுள்ள ஸ்லீவ் சரியாக இருக்கும். பாலியோலிஃபின் ஸ்லீவ் ஏறத்தாழ 120 டிகிரியில் முழுமையாகச் சுருங்கிவிடும் என்பதால் நைலான் உருகும் நிலைக்கும் அதற்கும் நல்ல இடைவெளி இருக்கிறது. இருந்தாலும் ஹாட் ஏர் கன்னிலிருந்து வரும் காற்று பல நூறு டிகிரி சூடாக இருக்கக்கூடும். ஆகவே ஒரே இடத்தில் நிறுத்தாமல் சுற்றிச் சுற்றிக் காட்ட வேண்டும். கடைசி 3 செ.மீ.க்கு அப்பால் கயிற்றின்மேல் சூடு படாமல் ஈரத்துணி சுற்றிக்கொள்ள வேண்டும். சரியாகச் சுருங்கிய ஸ்லீவின் விளிம்பில் பசை மெல்லிய வளையமாகப் பிதுங்கி நிற்கும்; அதுவே வேலை முடிந்ததற்கு அடையாளம்.

இவ்வளவு செய்த பிறகு கிடைப்பது என்ன? பார்க்க அழகான, முடிச்சுக்குள் சுலபமாக நுழைகிற, விறைப்பான நுனி. புதிதாக எட்டு முடிச்சு பழகுகிறவர்களுக்கு அந்த விறைப்பு உதவியாகவே இருக்கும். ஆனால் பசை ஒட்டுவது உறையின் வெளிப்புறத்தில்தான். உள்ளிழைகளுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. உறை நகரும்போது ஸ்லீவும் சேர்ந்தே நகர்கிறது. அதனினும் மோசமாக, உள்ளே வெற்றுறை உருவாகியிருப்பதை விறைப்பான ஸ்லீவ் கைக்குத் தெரியாமல் மறைத்துவிடுகிறது. இதுவே இந்தப் பொருளின்மேல் எனக்குள்ள பெரிய ஆட்சேபம். ஸ்லீவ் முடியும் இடத்தில் ஒரு சிறு படிக்கட்டும் உண்டாகிறது. கயிற்றை உருவும்போது இடுக்குகளில் அது தட்டும். ஒரு நற்பயனை மட்டும் மறுக்க முடியாது. நிறமற்ற ஸ்லீவுக்குள் கயிற்றின் நீளமும் பயன்படுத்தத் தொடங்கிய ஆண்டும் எழுதிய தாள் துண்டைப் பொதிந்துவிட்டால் அது ஈரத்திலும் மண்ணிலும் அழியாமல் நிற்கும். பலரும் பொதுவாகப் பயன்படுத்தும் கயிறுகளை வைத்திருக்கும் குழுக்களுக்கு இதற்காகவே பரிந்துரைப்பேன்.

நுனியை முக்கி எடுத்தால் ரப்பர் போலக் காயும் திரவப் பூச்சுகள் படகுக் கயிறுகளுக்காக விற்பனைக்கு வருகின்றன. பாறையேற்றக் கயிற்றுக்கு இவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். பூச்சைத் திரவமாக வைத்திருப்பவை பெரும்பாலும் கரைப்பான்கள். வெட்டுமுகத்தின் வழியே திரவம் இழைகளுக்குள் எவ்வளவு தொலைவு ஏறிச் செல்கிறது என்பது வெளியிலிருந்து தெரியாது. கரைப்பான்களிடமிருந்து கயிற்றை விலக்கி வைக்கும்படி கயிறு செய்யும் நிறுவனங்களே தங்கள் கையேடுகளில் எச்சரிக்கின்றன. சர்வதேச மலையேற்றக் கூட்டமைப்பான யூஐஏஏ-யின் பாதுகாப்புக் குழு, கயிற்றில் குறியிடப் பயன்படுத்தும் சில பேனா மைகள்கூட விளிம்பில் விழும்போது கயிறு தாங்கும் திறனைப் பாதி வரை குறைக்கலாம் என்று எச்சரித்தது. ஒரு கோடு போடும் மைக்கே இந்த நிலை என்றால், முழுதாக முக்கியெடுக்கும் திரவத்துக்குக் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். சூப்பர் க்ளூவும் வேண்டாம். அது இழைகளைக் குச்சி போல விறைக்கவைத்து, மடங்கும் இடத்தில் ஒடிகிறது.

இனி மெழுகு நூல். கடலோடிகள் பல நூற்றாண்டுகளாகக் கயிற்று நுனிகளை நூலால் சுற்றிக் கட்டி வந்திருக்கிறார்கள். அவற்றில் பாய் தைப்பவர்களின் முறையில், நூல் கயிற்றைச் சுற்றுவதோடு நில்லாமல் ஊசியால் அதை ஊடுருவியும் செல்கிறது. கெர்ன்மான்டல் கயிற்றுக்கு ஏற்ற முறை அதுவே, ஏனென்றால் ஊடுருவும் ஒவ்வொரு தையலும் உறையையும் உள்ளிழைகளையும் சேர்த்துத் துளைத்துப் பிணைக்கிறது. வேறெந்த மலிவான முறையும் இதைச் செய்வதில்லை.

நூல் 1 மி.மீ. அளவுள்ள மெழுகிட்ட பாலியெஸ்டராக இருப்பது நலம். நைலான் நூல் ஈரத்தில் சற்று நீளும், பருத்தி மட்கும். சென்னை பெரியமேட்டில் தோல் வேலைக்கான பொருள்கள் விற்கும் கடைகளில் இத்தகைய நூல் பல நிறங்களில் கிடைக்கும். மீன்வலைக் கடைகளின் நூலை வாங்கி நாமே தேன்மெழுகு தேய்த்துக்கொள்வதும் உண்டு. மெழுகு இருந்தால்தான் ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றோடு ஒட்டி, கையை எடுத்தாலும் தளராமல் நிற்கும். ஊசிக்குக் கோணி ஊசி போதும். ஆனால் பல கோணி ஊசிகளின் முனை பட்டையாகவும் கூராகவும் இருக்கும். அது இழைகளை அறுத்துவிடும். முனையை உப்புத்தாளில் உருண்டையாகத் தேய்த்துக்கொண்டால் இழைகளை விலக்கிக்கொண்டு போகும். ஊசியை மறுபக்கம் இழுக்க ஒரு சிறு குறடு தேவைப்படும், ஏனெனில் புதுக் கயிற்றின் உள்ளிழைகள் நல்ல இறுக்கமாக இருக்கும்.

உருக்கிய தட்டிலிருந்து 10 மி.மீ. அளவு உள்ளே முடியும்படி கட்டு அமைய வேண்டும். நூலைக் கயிற்றின் நடுவே இரண்டு முறை குறுக்காகச் செலுத்தி நிலைநிறுத்திவிட்டு, நுனியை நோக்கி நெருக்கமாகச் சுற்றிச் செல்ல வேண்டும். கட்டின் நீளம் கயிற்றின் தடிமனுக்குச் சமமாகவோ அதைப்போல ஒன்றரை மடங்காகவோ இருக்கலாம் என்பது பழைய கணக்கு, 10 மி.மீ. கயிற்றுக்கு 12 முதல் 15 சுற்றுகள். பிறகு ஊசியைக் கயிற்றுக்குள் செலுத்தி மறுபக்கம் எடுத்து, சுற்றுகளின்மேல் நூலைச் சாய்வாகப் படியவைத்துக் கீழ்ப்பக்கம் துளைத்து, மீண்டும் மேலே வர வேண்டும். இப்படி மூன்று சாய்கோடுகள் கயிற்றைச் சுற்றிச் சம இடைவெளியில் விழுந்தால் அடியிலுள்ள சுற்றுகளில் ஒன்று அறுந்தாலும் மற்றவை அவிழாது. முடிவில் நூலை இரண்டு முறை நடுவே செலுத்தி ஒட்ட வெட்டிவிடலாம். எங்கும் முடிச்சு தேவையில்லை. முடிச்சு போட்டால் அதுவே புடைத்து நின்று முதலில் தேயும்.

கயிற்றை ஊசியால் துளைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: துளைக்கப்படுவது கடைசி 3 செ.மீ.க்குள் மட்டுமே. ஒழுங்காகப் போட்ட எட்டு முடிச்சுக்கு வெளியே நீளும் வால், கயிற்றின் தடிமனைப்போல் பத்து மடங்காவது இருக்க வேண்டும். ஆகவே அந்த 3 செ.மீ. ஒருபோதும் சுமை தாங்கும் பகுதிக்குள் வருவதில்லை. முதன்முறை செய்கிறவர்களுக்கு நேரம் எடுக்கும் என்பதும், விரல் நுனிகள் சிவந்துபோகும் என்பதும் உண்மையே. பலனாகக் கிடைக்கும் நுனி கயிற்றைவிடச் சற்றே தடித்து, ஆனால் வளைந்துகொடுத்து, வளையத்தில் தட்டாமல் வழுக்கி வருகிறது. மேல் நூல் தேய்ந்து மங்குவது கண்ணுக்கு முன்னதாகவே தெரிந்துவிடும். உறை நகர்ந்தால் கட்டுக்குப் பின்னால் சுருக்கம் விழுந்து அதுவும் கைக்குத் தெரிந்துவிடும். இரண்டு நுனிகளுக்கும் வெவ்வேறு நிற நூல் போட்டுவிட்டால், எந்த நுனியில் அதிகம் விழுந்திருக்கிறோம் என்பதைக் கணக்கு வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்தவும் வசதி.

மேலே சொன்னவை நைலான் கயிறுகளுக்கே பொருந்தும். டைனீமா என்ற பாலிஎத்திலீன் உள்ளிழை கொண்ட மெல்லிய துணைக்கயிறுகளில் நிலைமை வேறு. டைனீமா ஏறத்தாழ 150 டிகிரியிலேயே உருகிவிடுவதால், நைலான் உறை உருகும் சூட்டில் உள்ளிழை முன்னதாகவே சுருங்கி உள்ளே ஓடிவிடும்; ஹாட் ஏர் கன்னை அதன் பக்கம் கொண்டுபோகவே கூடாது. கெவ்லர் போன்ற அராமிட் இழைகளோ உருகுவதே இல்லை, கடும் சூட்டில் கருகத்தான் செய்யும். இவ்விரண்டையும் கூரிய கத்தியால் வெட்டி, நூல் கட்டு போடுவதே வழி.

நுனியை வெட்டிய கயிற்றில் நீளமும் நடுக்குறியும் மாறிவிடுகின்றன என்பதையும் அந்த நேரத்திலேயே கவனித்தாக வேண்டும். 60 மீட்டர் கயிற்றில் ஒரு பக்கம் மட்டும் 2 மீட்டர் வெட்டினால் உண்மையான நடு 1 மீட்டர் தள்ளிப்போகிறது. பழைய குறியை நம்பி, கயிற்றின் நடுவை ஆங்கரில் மாட்டி இரு பக்கக் கயிற்றிலும் இறங்கும் ராப்பெலை அமைத்தால் ஒரு பக்கக் கயிறு மற்றதைவிட 2 மீட்டர் குட்டையாகத் தொங்கும். இரண்டு பக்கமும் சமமாக வெட்டுவது இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கும். 58 மீட்டராகிவிட்ட கயிற்றால் 29 மீட்டருக்கு மேல் உயரமுள்ள ஆங்கரிலிருந்து ஒருவரைத் தரை வரை இறக்க முடியாது. நூல் கட்டோ ஸ்லீவோ எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் பிலே கருவியில் கயிறு முழுதாக ஓடி வெளியேறுவதைத் தடுக்காது; அதற்கென்று நுனியில் தடுப்பு முடிச்சு தனியாகப் போட்டே ஆக வேண்டும். புதிய நீளத்தைக் கயிற்றுப் பையின் உள்மடலில் எழுதிவைக்கலாம், அல்லது நூல் கட்டை ஒட்டி, கட்டை மறைக்காமல், நிறமற்ற ஸ்லீவ் துண்டு ஒன்றுக்குள் தாளாகப் பொதியலாம். ஸ்லீவுக்கு நான் தரும் இடம் அதுவே.